இருபத்திரண்டில் இரண்டு

எங்கள் வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. நான் பிறந்தது சங்கரன்கோவிலில் ஒரு சைவக் குடும்பம். வாழ்க்கைப்பட்ட இடமும் அப்படியே. ஆனால் டெக்சாஸில், டாலஸ் நகரத்துக்கு மேற்கே இருக்கும் இந்த வீட்டின் கார் கொட்டகையில் தனியாக ஒரு ஃப்ரீசர் நிற்கிறது. திறந்தால் அளவு வாரியாகப் பைகளில் கட்டிய உறைந்த எலிகள். விருந்துக்கு வந்தவர்கள் ஐஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று அதைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, மூடியின் மேல் ஒரு பழைய தையல் இயந்திரத்தை ஏற்றி வைத்திருக்கிறேன்.

எலிகள் என் மலைப்பாம்புகளுக்கு. பெரிய மலைப்பாம்பு என்று மிரள வேண்டாம். இவை ஆப்பிரிக்கச் சிறுவகை. நன்றாக வளர்ந்த பெண்ணே நாலடி, நாலரை அடிதான். பயந்தால் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். அதனால்தான் ஆங்கிலத்தில் பால் பைத்தான். முதல் பாம்பு வாங்கியபோது இந்தப் பெயரைத் தமிழில் தட்டி அம்மாவுக்கு அனுப்பினேன். "பால் பைத்தானா? அப்படியென்றால் தினமும் எவ்வளவு பால் வைக்கிறாய்?" என்று பதில் வந்தது. ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு வேறெப்படித் தோன்றும்? பாம்பு பால் குடிக்காது அம்மா, எலி தின்னும் என்றேன். அதன் பிறகு ஒரு வாரம் அவர் கூப்பிடவில்லை.

அந்த முதல் பாம்பை வாங்கியது 2014இல், ஆர்லிங்டனில் நடந்த ஊர்வனக் கண்காட்சியில். சேலைக் கண்காட்சி போலத்தான் அதுவும். நீள நீளமான மேசைகள், மேசை முழுக்க மூடியிட்ட சிறு கிண்ணங்கள், கிண்ணத்துக்கு ஒரு குட்டி, மேலே நிறவகையின் பெயரும் விலையும். கருமஞ்சள், பால்வெள்ளை, நீலக்கண் வெள்ளை, வாழைப்பழ மஞ்சள், சாம்பல், வெள்ளையும் பழுப்புமாய்த் திட்டுத் திட்டானது. நான் வாங்கியது 'ஸ்பைடர்' என்ற வகை: மஞ்சள் உடம்பில் கரிக்கோடுகள் வலைபோல ஓடும். தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. "இந்த வகையே அப்படித்தான், பாதகமில்லை" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து முதல் எலியைக் காட்டியபோதுதான் 'லேசாக' என்பதன் அளவு தெரிந்தது. கவ்வப் பாய்ந்தது, ஒரு சாண் தள்ளி விழுந்தது, கழுத்து திருகி, முகம் கூரையைப் பார்த்தபடி நின்றது. நாலாவது முயற்சியில்தான் எலி வாய்க்குக் கிடைத்தது.

1999இல் ஆப்பிரிக்காவிலிருந்து கெவின் மெக்கர்லி என்பவர் இறக்குமதி செய்த ஒற்றைப் பாம்பிலிருந்து தொடங்கிய வமிசம் இந்த ஸ்பைடர். அந்த நிறமும் ஆட்டமும் சேர்ந்தேதான் பிள்ளைகளுக்குப் போகின்றன. இருபது ஆண்டுகளாக எவ்வளவோ பேர் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கழித்துவிடப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2022இல் வந்த ஓர் ஆய்வு காரணத்தைப் படம்பிடித்துக் காட்டியது: இவற்றின் உட்காதில், உடம்பின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களும் பையும் உருக்கோணலாகவே அமைந்திருக்கின்றன. வலைக்கோலத்தை எழுதும் அதே மரபணு மாற்றம் காதையும் கோணலாக்கிவிடுகிறது. என் ஸ்பைடர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கிடுக்கியில் பிடித்து வாய்க்கு நேராக ஊட்டுகிறேன். அதை ஒரு நாளும் ஜோடி சேர்த்ததில்லை. சேர்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களோடு நான் வாதாடுவதை விட்டுப் பல காலமாகிறது.

நான் ஆசைப்பட்டது பைபால்டு என்ற வகைக்கு. சந்தனப் பலகையில் சுண்ணாம்பு கொட்டியது போல, தலை நிறத்தோடு இருக்க, உடம்பில் பாதி பளீர் வெள்ளை. ஒரு ஈட்டில் பிறந்த இரண்டுக்குக்கூடத் திட்டுகள் ஒன்றுபோல் விழாது. காட்டில் எப்போதாவது அகப்பட்ட விநோதம் இது. பரம்பரையாக வரும் என்று 1997இல் பீட்டர் கால் என்ற வளர்ப்பாளர் குட்டி எடுத்துக் காட்டினார். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1992இல், பாப் கிளார்க் வெளிறிய அல்பினோவைப் பொரித்துக் காட்டியிருந்தார். அந்த நாளில் இவற்றின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். நான் 2015இல் ஓராண்டு வயதுள்ள ஆண் பைபால்டை 400 டாலருக்கு வாங்கினேன். அவல் என்று பெயர் வைத்தேன். அடுத்த வருடம் வந்த பழுப்புப் பெண்ணுக்குக் கருப்பட்டி. "வீட்டில் ஒன்றுக்காவது தின்ன முடியாத பெயராக வை" என்றார் என் கணவர்.

இதில் உள்ள கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பைபால்டு வெளியே தெரிய அந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்தாக வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் பாம்பு வழக்கமான பழுப்பாகவே பிறக்கும், உள்ளே சுமந்துகொண்டிருக்கும். வளர்ப்பவர்கள் அதை 'ஹெட்' என்பார்கள். அவலுக்கும் கருப்பட்டிக்கும் 2017இல் ஐந்து முட்டை. ஒன்று கூமுட்டை. பொரிந்த நான்கும் பழுப்பு, நான்கும் ஹெட். இரண்டு பெண், இரண்டு ஆண். ஆண்களைக் கொடுத்துவிட்டேன். பெண்கள் ஒன்றரைக் கிலோ எட்ட மூன்றரை ஆண்டு ஆகும். ஆய்வுக்கூடத்தில், சோதனைக் குழாய்களில் வரும் இரத்தத்தைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. எதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து பழக்கமில்லை. இதற்காக மூன்றரை ஆண்டு காத்திருந்தேன்.

மகள்களை அப்பனுடனேயே சேர்த்தால் பாதிக்குப் பாதி பைபால்டு வரும். இந்தத் தொழிலில் அது சகஜம். அறிவியலாகப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குப் பெரிய கேடில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கை வரவில்லை. மாமன் மகளா, சித்தப்பா மகளா என்று விரல்விட்டு முறை பார்த்து வளர்ந்த ஊர்க்காரி நான். பாம்புக்கு என்ன முறை என்று என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று வெளியிலிருந்து வேறு ஆண் தேடினேன். அங்கேதான் சறுக்கினேன். நல்ல பைபால்டு ஆணாகப் பார்த்து வாங்கியிருக்கலாம்; சிக்கனம் பிடித்துக்கொண்டது. 2019இல் ஒரு கண்காட்சியில் '100 சதவீதம் ஹெட் பைபால்டு' என்று அட்டை போட்ட பழுப்பு ஆணை 75 டாலருக்கு வாங்கினேன். விற்றவர் குட்டியைப் புரட்டி வயிற்றைக் காட்டினார்: வால் பக்கம் இருபுறமும் தண்டவாளம்போல இரண்டு கருங்கோடுகள். ஹெட் என்பதற்கு அடையாளமாம். அப்படிக் கோடுள்ள சாதாரணப் பாம்புகளும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஆணுக்குச் சுக்கு என்று பெயர்.

2020 நவம்பரில் இரவு வெப்பத்தைச் சற்றே குறைத்து, சுக்கையும் கருப்பட்டியின் மூத்த மகளையும் சேர்த்தேன். பிப்ரவரியில் அவள் உடம்பு நடுவில் தடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் டெக்சாஸ் உறைந்தது.

பிப்ரவரி 15 அதிகாலை மின்சாரம் போனது. ஒரு மணி நேரத்தில் வரும், இரண்டு மணி நேரத்தில் வரும் என்று பார்த்தால், மாலைக்குள் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. இவை 30 டிகிரி செல்சியஸ் சூடு கேட்கும் உயிர்கள். அடியில் வெப்பப் பட்டி ஓடும் அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தவை, தொட்டால் பச்சைக் கத்தரிக்காய்போலச் சில்லிட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டேன். அடுப்பு நல்லவேளையாக எரிவாயு. தண்ணீர் காய்ச்சிப் புட்டிகளில் ஊற்றி, துண்டில் சுற்றி, தெர்மோகோல் பெட்டிக்குள் புட்டியும் பாம்புமாக அடுக்கினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டாம் இரவு புட்டிகள் போதவில்லை. சினையாகும் நிலையில் இருந்தவளை உறையோடு எடுத்து எங்கள் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் என் கணவர், அந்தப் பக்கம் எங்கள் மகள், நடுவில் ஒன்றரைக் கிலோ பாம்பு. "இதை உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே" என்றார் அவர் இருட்டில். புதன்கிழமை பிற்பகல் விளக்கு வந்தது. எல்லாம் பிழைத்தன. மகளுக்குத்தான் சளி பிடித்தது.

மே மாதம் அவள் ஆறு முட்டையிட்டாள். ஒன்றோடொன்று ஒட்டிய தோல் முட்டைகள். அவற்றைச் சுற்றிக் கூம்பாய்ச் சுருண்டு படுத்திருந்தாள். மெதுவாக அவளைப் பிரித்தெடுத்து, முட்டைகளைக் கிடந்த வாக்கிலேயே வெர்மிகுலைட் என்ற ஈரமான கனிமத் துகள் போட்ட பெட்டிக்கு மாற்றினேன். கோழி முட்டையைத் திருப்ப வேண்டும். இதைத் திருப்பினால் உள்ளே கரு மூழ்கிவிடும் என்பதால் மேற்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வோம். இன்குபேட்டரில் 31.5 டிகிரி. அந்த வாரம் பார்த்து அம்மாவின் பார்சல் வந்தது: சங்கரநாராயணர் கோயில் புற்றுமண். நாகராஜாக்களான சங்கனும் பதுமனும் தவம் செய்த கோயில், விஷக்கடிக்கு அந்த மண்தான் மருந்து என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. விஷமே இல்லாத பாம்புக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றியும் கேட்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து இன்குபேட்டரின் மேல் வைத்தேன். உள்ளே வைக்கவில்லை; பூஞ்சை வரும்.

ஐம்பத்தேழாம் நாள் முதல் முட்டை கீறியது. குட்டியின் மேலுதட்டு நுனியில் ஒரு முள்ளளவு பல் இருக்கும்; தோலைக் கிழிக்க மட்டும் உதவி, பிறகு உதிர்ந்துவிடும். கீறலில் மூக்கை வைத்து ஒரு நாள் அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், மிச்ச மஞ்சள்கருவை உறிஞ்சும்வரை வெளியே வராது. ஒரு மூக்கு. பழுப்பு. இரண்டாவது பழுப்பு. நான்கில் ஒன்று என்பதுதான் கணக்கு, ஆறில் ஒன்றாவது வெள்ளை காட்டாதா என்று டார்ச் விளக்கோடு விடிய விடிய நின்றேன். ஆறும் பழுப்பு. சரி, ஆறு முட்டையில் ஒன்றும் தேறாமல் போக 18 சதவீதம் வாய்ப்பு இருக்கிறதே என்று கால்குலேட்டர் ஆறுதல் சொன்னது. 2022இல் தங்கைக்காரி ஏழு இட்டாள். ஏழும் பழுப்பு. பதின்மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வாய்ப்பு இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் நான் நோயாளியைச் சந்தேகிக்க மாட்டேன், குழாயில் ஒட்டிய பெயரைச் சந்தேகிப்பேன்.

நல்ல காலம், அதற்குள் பாம்பு உரித்த சட்டையை வைத்தே பரிசோதிக்க வழி வந்துவிட்டது. 2022இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், வளர்ப்பவர்கள் தபாலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளை வைத்து, மாணவர்கள் வகுப்பிலேயே அல்பினோ வகைகளின் மரபணுவைத் துழாவி எடுத்தார்கள். மனிதருக்கு வரும் அல்பினிசத்தில் பழுதாகும் அதே மரபணுவில்தான் இங்கும் பழுது. மறு ஆண்டு வேறொரு குழு பைபால்டுக்கான மரபணுவைக் கண்டது. பாம்பு உரித்துப்போட்ட சட்டையில் இரண்டு விரற்கடை வெட்டி உறையில் அனுப்பினால் போதும், ஹெட்டா இல்லையா என்று சொல்லிவிடும் ஆய்வகங்கள் இப்போது உண்டு. 2023இல் மூன்று சட்டைகளை அனுப்பினேன். அக்காள் ஹெட். தங்கை ஹெட். சுக்கு, ஒன்றுமே இல்லை. அசல் பழுப்பு, முழுப் பழுப்பு, தண்டவாளம் போட்ட பழுப்பு. விற்றவரைக் கூப்பிட்டேன். அவருக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னாராம்.

கோபத்தில் சுக்கைத் திட்டினேன். அது பாவம், பந்தாகச் சுருண்டுகொண்டது.

இந்த வளர்ப்பில் பழகியவர்கள் கண்ணால் கண்டு வைத்திருந்த விஷயம் அறிவியலுக்குப் பிறகு தெரிந்ததும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'பனானா' என்ற வாழைப்பழ நிறவகையில் ஒரு வேடிக்கை: சில ஆண்கள் பெரும்பாலும் வாழைப்பழ மகன்களையே தரும், சில ஆண்கள் பெரும்பாலும் வாழைப்பழ மகள்களையே தரும். தன் அப்பாவிடமிருந்து நிறத்தைப் பெற்றவன் மகன்களுக்குக் கொடுப்பான். அம்மாவிடமிருந்து பெற்றவன் மகள்களுக்குக் கொடுப்பான். வளர்ப்பவர்கள் குறிப்பேட்டில் எழுதி எழுதி இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். பாடப்புத்தகமோ, பாம்பில் பெண்ணுக்குத்தான் இருவேறு பால் குரோமோசோம், கோழியைப் போல, என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்த வாழைப்பழக் கணக்கு வரவே வராது. 2017இல் டோனி கேம்பிள் என்ற ஆய்வாளரின் குழு, மலைப்பாம்பிலும் போவா என்ற பாம்பிலும் மனிதரைப் போல ஆணுக்குத்தான் எக்ஸ்-ஒய் என்று நிறுவியது.

சுக்கினால் வந்த பதின்மூன்று பழுப்புக்கு வருகிறேன். அவை ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்கப் பாதி வாய்ப்பு. பரிசோதித்தால் தெரியும், ஆனால் சோதனைக்கு ஏறத்தாழ 50 டாலர், பழுப்புக் குட்டிக்குச் சந்தையில் 20, 25 டாலர். நெல்லை விடக் கூலி அதிகம். கண்காட்சி மேசையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நிறத்தைத் துரத்துகிற எந்த வீட்டுக்கும் பின்கட்டு ஒன்று இருக்கிறது. அங்கே டப்பா டப்பாவாகப் பழுப்புகள் சேர்ந்துகொண்டே இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளின் விளைநிலங்களில் சினைப் பெண்களையும் முட்டைகளையும் வளைகளிலிருந்து தோண்டி எடுத்துப் பொரிக்க வைத்து, ஆண்டுதோறும் பல்லாயிரம் குட்டிகளை ஏற்றுமதி செய்கிறார்கள். அத்தனையும் ஏறக்குறைய பழுப்பு. அதே பெனினில் ஊயிதா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயில் இருக்கிறது. தெருவில் கண்டால் கும்பிட்டு எடுத்துக் கொண்டுபோய் விடுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன். "அங்கேயும் நம்மைப் போல மனிதர்கள்தானே" என்றார்.

பழுப்புகளை இருபது டாலருக்கு விற்றேன். அதைத் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். இருபது டாலருக்கு வாங்குகிறவர்கள் இருநூறு டாலர் சாமான் வாங்க யோசிக்கிறார்கள். ஒரு கல்லூரிப் பையன் வாங்கிக்கொண்டு போனது ஐந்தாம் மாதம் திரும்பி வந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயைச் செருகியிருக்கிறான். அடிவயிற்றுச் செதில் ஒரு சாண் நீளத்துக்கு வெந்து சுருங்கியிருந்தது. பாம்பு சுடும் இடத்தை விட்டு உடனே விலகிவிடாது, வெந்துகொண்டே படுத்திருக்கும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று முறை சட்டை உரித்த பிறகு இப்போது தழும்பாக நிற்கிறது.

இதற்கிடையே அண்ணன் மகன் சென்னையிலிருந்து, வரும்போது பெட்டியில் ஒரு குட்டி கொண்டு வாருங்கள் அத்தை என்றான். அயல்நாட்டு இனம், உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் துணிப்பையில் முடிந்த இதே பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தியை எனக்கு அனுப்பியவனே அவன்தான். செய்தியை மறுபடி அவனுக்கே அனுப்பினேன்.

2023 முடிவில், சட்டைச் சோதனைச் சான்றோடு ஓர் இளம் பைபால்டு ஆண் வாங்கினேன். 2025 ஜூலையில் அக்காளின் ஐந்து முட்டைகள் கீறின. மூன்றாவது முட்டையிலிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. கழுத்துக்குக் கீழே ஒரு சாண் பால்வெள்ளை, நடுவில் ஒரே ஒரு பழுப்புச் சேணம். நாலாவதும் அப்படியே, சேணம் மட்டும் வால் பக்கம். எத்தனை வருடம் இதற்காக என்று நினைத்தபோது கண் கலங்கியது உண்மை. அடுத்த நிமிடம் சந்தை விலையைப் பார்த்தேன், அதுவும் உண்மை. நான் அவலை வாங்கிய விலையில் பாதிகூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே ஈட்டில் வந்த மூன்று பழுப்புகளும் ஒரு மாதத்தில் போய்விட்டன. அப்பா பைபால்டு என்பதால் அட்டையில் '100 சதவீதம் ஹெட்' என்று எழுத முடிந்தது, இம்முறை சத்தியமாக. சுக்கின் பிள்ளைகளையும் அவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நானே அடையாளம் காண மாட்டேன்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்: பொரிந்தவை 22, பைபால்டு 2. இந்தக் குளிர்காலத்தில் யாரையும் ஜோடி சேர்க்கவில்லை. சுக்கின் பதின்மூன்றில் நான்கு இன்னும் என்னிடம் இருக்கின்றன, வயிற்றில் தழும்புள்ளதையும் சேர்த்து. நன்றாகச் சாப்பிடுகின்றன. டெக்சாஸில் இருக்கும் யாருக்காவது வேண்டுமானால் எழுதுங்கள், காசு வேண்டாம். முதலில் டப்பாவின் படம், தெர்மோஸ்டாட்டின் படம், வெப்பமானியில் எண் தெரியும்படி இன்னொரு படம் அனுப்புங்கள். இது முப்பது வருடம் இருக்கும் பாம்பு. செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைக் கடந்த ஒருத்தி 2020இல், பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஆணையே பார்க்காமல், ஏழு முட்டையிட்டிருக்கிறாள். அதனால் உங்கள் வயதையும் எழுதுங்கள். ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.